ஏறும் சாலை, இறங்கும் நீர்

குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலிருந்து வடக்கே ஒரு கார் வரிசை கிளம்பும். கூரையில் பனிச்சறுக்குப் பலகைகள், பின்பெட்டியில் டயர்ச் சங்கிலி, பின்னிருக்கையில் பாதித் தூக்கத்தில் பிள்ளைகள். போகுமிடம் மம்மத் மலை. தூரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மொஹாவே பாலையை 14-ஆம் எண் சாலையில் கடந்து, 395-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, சியரா நெவாடா மலைத்தொடரை இடக்கைப் பக்கம் சுவர்போல வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியில் எங்கே நிற்கலாம் என்று கேட்டால் பாதை பழகியவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் பங்க், உப்புக்கண்டம் விற்கும் சாலையோரக் கடை, பிஷப் ஊரில் ஆட்டிடையர் ரொட்டி. இந்தப் பட்டியலைப் பழிக்க ஒன்றுமில்லை. உடம்பு கேட்பதைக் கொடுக்காமல் நெடும்பயணம் நடக்காது. ஆனாலும் ஓர் இடத்தை நிற்கத் தகுந்தது என்று சொல்லும்போது அந்தத் தகுதியை எதைக் கொண்டு அளக்கிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வயிற்றைக் கொண்டு அளக்கலாம். கேமராவைக் கொண்டும் அளக்கலாம். மூன்றாவது அளவுகோல் ஒன்று இந்தச் சாலைக்கென்றே அமைந்திருக்கிறது. கார்கள் எந்த வழியாக மேலே ஏறுகின்றனவோ ஏறக்குறைய அதே வழியாகத்தான், எதிர்த்திசையில், அந்தக் கார்களில் இருப்பவர்களின் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கீழே இறங்குகிறது. இந்த இரண்டு பயணங்களும் எங்கெல்லாம் ஒன்றையொன்று சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் வண்டியை நிறுத்துவது தகும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

முதல் சந்திப்பு ஊரைவிட்டு வெளியேறும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில், சில்மார் பகுதியில், 5-ஆம் எண் விரைவுச்சாலையை ஒட்டிய குன்றுச் சரிவில் படிக்கட்டுபோல ஒரு நீர்ச்சரிவு தெரியும். 1913 நவம்பர் 5 அன்று பல்லாயிரம் பேர் கூடிநிற்க, சியராவின் கிழக்கடிவாரத்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர், கால்வாய் வழியே வந்து, முதன்முதலாக இந்தச் சரிவில்தான் விழுந்தது. கால்வாயைக் கட்டிய வில்லியம் மல்ஹாலந்து அயர்லாந்திலிருந்து வந்து, இந்நகரத்து வாய்க்கால்களைப் பராமரிக்கும் வேலையில் தொடங்கி, தலைமைப் பொறியாளர் ஆனவர். அன்று அவர் ஆற்றிய உரை, இதோ தண்ணீர், எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்குமேல் நீளவில்லை. 1900-இல் ஒரு லட்சமாக இருந்த நகரத்து மக்கள்தொகை பத்தே ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1907-இல் வாக்காளர்கள் 2 கோடியே 30 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் ஒரு பம்புகூடக் கிடையாது. மலையடிவாரத்தின் உயரமே தண்ணீரைத் தள்ளுகிறது. மொஹாவே ஊரைத் தாண்டியபின் ஜாபோன் கேன்யன் என்ற இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால்வாய் அங்கே ஆள் உயரத்தையும் மிஞ்சிய விட்டமுள்ள எஃகுக் குழாயாக மாறி, ஒரு சரிவில் விழுந்து, பள்ளத்தைக் கடந்து, எதிர்ச்சரிவில் தானாக ஏறிப் போகிறது. விழுந்த வேகத்தில் எழும் நீர். அந்தக் குழாயின் துண்டுகளை 52 கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் பாலையில் இழுத்து வந்தன. நகரத்துக்காரருக்குத் தண்ணீர் என்றால் ஒரு திருகு. அந்தத் திருகலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் தூரம் எந்த மாதக் கட்டண ரசீதிலும் அச்சாவதில்லை. ஜாபோனில் பத்து நிமிடம் நின்றால் அந்தத் தூரத்துக்கு ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது.

இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓட்டியபின் ஓலாஞ்சா என்ற சிற்றூர் வரும். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் ஓவன்ஸ் ஏரி. ஏரி என்று வரைபடம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது வெள்ளை உப்புப் படலம், சரளைப் பரப்பு, கட்டம் கட்டமாகத் தேங்கிய ஆழமற்ற நீர், சில இடங்களில் உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் ஏற்றிய இளஞ்சிவப்பு. ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஏரி இது. 1872-இல் இதன்மேல் நீராவிப் படகு ஓடியது. கிழக்குக் கரை மலையில் வெட்டியெடுத்த வெள்ளியும் ஈயமும் படகில் ஏறி இக்கரை வந்து, கோவேறு கழுதை வண்டிகளில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயின. நகரம் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துக்கொண்ட முதல் செல்வம் தண்ணீர்கூட அல்ல. கால்வாய்க்கு முன்பே உழவர்கள் ஓவன்ஸ் ஆற்றிலிருந்து பாசனத்துக்கு எடுத்ததில் ஏரி இறங்கத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் ஆற்றையே கால்வாய்க்குத் திருப்பியபின் 1920-களின் நடுவில் அது முற்றும் வற்றிப்போனது. அடியிலிருந்த உப்புத்தூளைக் காற்று வாரி இறைக்க, அமெரிக்காவிலேயே மிக மோசமான தூசிக் கிடங்காக இந்த இடம் ஆனது. நூற்றாண்டின் இறுதியில் காற்றுமாசுச் சட்டத்தின் நிர்ப்பந்தம் வந்தது. 2001 முதல் நகரத்தின் நீர்-மின் துறை, தான் வற்றவைத்த ஏரியில் தூசி அடங்குமளவுக்கு நீர் தெளித்தும், சரளை பரப்பியும், உப்புப்புல் வளர்த்தும் வருகிறது. இதுவரை ஆன செலவு 200 கோடி டாலருக்கும் மேல். அந்த மெல்லிய நீரை நம்பிக் கரைப்பறவைகள் திரும்பி வந்துவிட்டன. தமிழ்த் திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது என்றொரு கருத்து உண்டு; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. ஓவன்ஸ் ஏரிக்கரையில் அந்தக் கருத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இங்கே இயல்பைத் திரித்தது வெயில் இல்லை, மதகு.

அடுத்து லோன் பைன். ஊருக்கு மேற்கே 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் நிற்கிறது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் அதைவிட உயர்ந்தது இல்லை. அதன் அடிவாரத்தில் உருண்டு திரண்ட பாறைகளின் காடு ஒன்று, அலபாமா குன்றுகள். நூறு ஆண்டுகளாக ஹாலிவுட் தனக்கு வேண்டிய அந்நிய தேசங்களையெல்லாம் இங்கேதான் எடுத்திருக்கிறது. 1939-இல் வெளிவந்த 'கங்கா தின்' படத்தின் இந்திய வடமேற்கு எல்லை இந்தக் குன்றுகள்தான்; 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' படத்துக்கு இதே நிலப்பகுதி ஆப்கானிஸ்தான் ஆனது. ஊரிலிருக்கும் திரைப்பட அருங்காட்சியகம் இந்த வேஷங்களையெல்லாம் பொறுப்பாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் குன்றுகள் தாமாகவே நடித்த ஒரே காட்சிக்கு அருங்காட்சியகத்தில் கூட்டம் கூடுவதில்லை. ஊருக்குச் சற்று வடக்கே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, கால்வாயின் வடிகால் மதகுகள் இருக்கின்றன. 1924 நவம்பர் 16 காலையில் பள்ளத்தாக்கு மக்கள் ஏறக்குறைய 70 பேர் அங்கே போய் மதகுகளைத் திறந்து, நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அதன் பழைய படுகையில் விட்டார்கள். நான்கு நாட்கள் மதகு அவர்கள் கையில் இருந்தது. பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள், போராட்டம் திருவிழாவாகிவிட்டது. பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார் என்று சொல்வார்கள். பேச்சுவார்த்தை வாக்குறுதியில் முடிந்தது. வாக்குறுதி நிறைவேறாததால் 1927-இல் கால்வாய்க்கு வெடிவைத்தார்கள். அதே ஆண்டு பள்ளத்தாக்கின் வங்கிகள் திவாலாக, எதிர்ப்பும் ஓய்ந்தது.

இந்தக் கதையை நகரத்துக்கும் உழவர்களுக்குமான வழக்காக மட்டும் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. அது பாதிக் கதை. உழவர்கள் வருவதற்கு முன்பே இங்கே பையூட் மக்கள் ஓடைகளை மறித்து வாய்க்கால் வெட்டி, கிழங்குச் செடிகளுக்கு நீர் பாய்ச்சி வந்தார்கள். பள்ளத்தாக்குக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரே பாயும் நீரின் நிலம் என்று பொருள்படும். 1860-களில் கால்நடைக்காரர்கள் வந்து அந்தப் புல்வெளிகளை மேய்த்தபோது சண்டை மூண்டது. 1863-இல் ராணுவம் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் திரட்டித் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனது. பலர் தப்பித் தம் நிலத்துக்கே திரும்பிவந்தார்கள். 1939-இல் நகரமும் மத்திய அரசும் நிலம் மாற்றிக்கொண்டபோது பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தண்ணீர் உரிமை என்ன ஆனது என்ற கேள்வி மட்டும் அந்த ஒப்பந்தத்தில் தீராமல் நின்றது. இன்டிபெண்டன்ஸ் ஊரில் உள்ள கிழக்குக் கலிஃபோர்னியா அருங்காட்சியகத்தில் பையூட் பெண்கள் முடைந்த கூடைகள் இருக்கின்றன. அவற்றில் சில தண்ணீர் கொண்டுபோவதற்கானவை. பிசின் பூசிச் சொட்டு ஒழுகாமல் செய்தவை. ஆள் சுமக்கும் அளவுக்குத் தண்ணீர் எடுத்த ஒரு நாகரிகத்தின் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், 375 கிலோமீட்டர் பாத்திரம் ஒன்று அருகிலேயே ஓடுகிறது.

லோன் பைனுக்கும் இன்டிபெண்டன்ஸுக்கும் நடுவே, சாலையின் இடப்பக்கம், மான்சனார். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். 1910-இல் உருவான பழத்தோட்டக் கிராமம் அது. நகரம் நிலத்தையும் நீரையும் வாங்கியபின் தோட்டக்காரர்கள் வெளியேற, மரங்கள் கவனிப்பாரின்றி நின்றன. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணையின்படி மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, நகரத்துக்குச் சொந்தமாகிக் காலியாகக் கிடந்த இந்த நிலம் அரசுக்குத் தோதாக அமைந்தது. பத்து முகாம்களில் ஒன்றான மான்சனாரில் உச்சத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மொத்தத்தில் 11,070 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்காரர்கள். பலர் அமெரிக்கக் குடிமக்கள். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வந்தவர்கள் கைவிடப்பட்ட ஆப்பிள், பேரி மரங்களைக் கவாத்து செய்து மீண்டும் காய்க்கவைத்தார்கள். மணற்காட்டில் குளங்களும் தோட்டங்களும் அமைத்தார்கள். 1943-இல் இடுகாட்டில் அவர்கள் எழுப்பிய வெள்ளைத் தூபி, ஆன்மாக்களுக்கு ஆறுதல் சொல்லும் எழுத்துகளோடு, பனிமூடிய மலைக்கு எதிரே இன்றும் நிற்கிறது. 1945 நவம்பரில் முகாமை மூடினார்கள். கைதிகள் கட்டிய அரங்கம் பிறகு நெடுங்காலம் மாவட்டச் சாலைத் துறையின் வாகனக் கொட்டகையாக இருந்தது. மாவட்டத்துச் சாலைகளை ஒழுங்காக வைத்திருந்த எந்திரங்கள் அங்கேதான் நின்றன.

இப்போது நிறுத்தங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1863-இல் இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் தெற்கே இறக்கப்பட்டார்கள். 1913-இல் நீர் தெற்கே இறக்கப்பட்டது. 1942-இல் தெற்கின் மக்களில் ஒரு பகுதியினர், நீர் போனதால் காலியான நிலத்துக்கு மேலே ஏற்றப்பட்டார்கள். பிறகு விடுமுறைக்காரர்கள் தாமாக ஏறத் தொடங்கினார்கள். நான்கும் தனித்தனிக் கதைகள் போலத் தோன்றினாலும் முந்தியது நடக்காமல் பிந்தியது இந்த இடத்தில் நடந்திருக்காது. நிறுத்தத்தின் தகுதியை அளக்க நான் முன்வைக்கும் கோல் இதுதான்: அந்த இடம் எவ்வளவு அழகு, எவ்வளவு துயரம் என்று கேட்காமல், காரில் இருப்பவருக்கும் அந்த இடத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பது. துயரம்தான் அளவு என்றால் அமெரிக்காவின் எந்தச் சாலையிலும் பத்து மைலுக்கு ஒருமுறை இறங்க வேண்டியிருக்கும் என்ற மறுப்புக்கு இதில் பதில் இருக்கிறது. 1872 மார்ச் 26 நிலநடுக்கத்தில் லோன் பைனில் 27 பேர் இறந்தார்கள்; அவர்களில் பலரைப் புதைத்த இடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. மரியாதையோடு பார்க்க வேண்டிய இடம். ஆனால் இந்தக் கோலின்படி அது இரண்டாம் வரிசை. அந்த மரணங்களுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் குழாய்க்கும் தொடர்பில்லை. வழியில் வரும் ரெட் ராக் கேன்யனின் செம்பாறை மடிப்புகளும் அப்படியே. அழகு போதுமான காரணம்தான். ஆனால் அதே அழகை வேறு சாலைகளும் தர முடியும்.

விடுமுறைக்குக் கிளம்பியவரிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டுவது நாகரிகமா என்று கேட்கலாம். வாரமெல்லாம் உழைத்தவர் இரண்டு நாள் பனியில் சறுக்கப் போகிறார். பிள்ளைகளுக்கு முதல் பனி. அவர்கள் தலையில் 1924-ஐயும் 1942-ஐயும் ஏற்றிவிட்டால் மகிழ்ச்சிதான் கெடும் என்பது நியாயமான கவலை. குற்றவுணர்வை இறக்குமதி செய்யும் பயணம் நல்ல பயணமாக இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றவுணர்வும் ஆர்வமும் ஒன்றல்ல. தான் சாப்பிடும் அரிசி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பவர் வருத்தப்படுவதற்காகக் கேட்பதில்லை. சாப்பாட்டின் ருசி அதனால் குறைவதுமில்லை. காலச்செலவும் பெரிதல்ல: ஜாபோனில் பத்து நிமிடம், ஏரிக்கரையில் அரை மணி, மான்சனாரில் ஒரு மணி. எப்படியும் ஓட்டுநர் கைகால் நீட்டத்தான் வேண்டும். தவிரவும் குளிர்காலமே இந்த இடங்களுக்கு உரிய பருவம். பள்ளத்தாக்கின் தரை ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில், பனிவிழும் எல்லைக்குக் கீழே கிடப்பதால் மேலே சங்கிலிச் சோதனை நடக்கும் நாளிலும் கீழே சாலை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். கோடையில் வருபவர் வறண்ட ஏரியை மட்டும் பார்ப்பார். ஜனவரியில் வருபவர் ஒரே பார்வையில் வறண்ட ஏரியையும் அதற்கு மேலே வெள்ளைவெளேரென்று நிற்கும் பனியையும் சேர்த்துப் பார்க்கிறார். காரணமும் விளைவும் ஒரே சட்டத்துக்குள் அமைவது அபூர்வம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நகரம் மட்டும் தண்ணீரையும் நிலத்தையும் வாங்காமல் விட்டிருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு இன்று இன்னொரு சான் ஃபெர்னாண்டோ ஆகியிருக்கும். கட்டடங்களும் கடைவீதிகளும் மலையடிவாரம்வரை போயிருக்கும். பயணி வியந்து பார்க்கும் வெட்டவெளியே அந்தக் கொள்முதலின் கொடை என்பது. இதில் உண்மை இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கும் இன்யோ மாவட்டத்தில் தனியார் நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசுடையது; பள்ளத்தாக்கின் தரையில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நீர்-மின் துறையுடையது. ஊர்கள் பெருகவில்லை, வேலிகள் குறைவு, தூண்டில் போடுபவரை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் கட்டடம் எழாமல் தடுத்ததும் வயல் காய்ந்ததும் ஒரே கொள்முதலின் இரு பக்கங்கள். 1970-இல் இரண்டாம் கால்வாய் திறந்து நிலத்தடி நீரையும் பெருமளவில் இறைக்கத் தொடங்கியபின் ஊற்றுகளும் புல்வெளிகளும் வற்றின. 1972-இல் இன்யோ மாவட்டம் நீதிமன்றம் போக வேண்டிவந்தது. காலியான நிலம் எல்லாம் காக்கப்பட்ட நிலம் ஆகிவிடாது. மேலும், அப்படி நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஊகத்தைக் கொண்டு நடந்ததற்கு ரசீது எழுதிவிட முடியாது. வெட்டவெளியை ரசிப்பவர் அது யாரும் இல்லாததால் வந்த வெளியா, யாரோ போனதால் வந்த வெளியா என்று கேட்டு ரசிக்கட்டும் என்பதுதான் என் பதில்.

பிஷப் ஊரின் ரொட்டிக்கு வருவோம். அதை விலக்கிவைக்க இந்த வாதத்துக்குத் தேவையில்லை. சியராவின் சரிவுகளில் ஆடு மேய்த்த பாஸ்க் இடையர்களின் பெயரைத் தாங்கிய ரொட்டி அது. வயல் போனபின் இப்பகுதிக்கு மிஞ்சிய பிழைப்புகளில் மேய்ச்சல் ஒன்று, வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் விற்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பிழைப்பை ஒரு கொள்கையாகவே முன்வைத்தவர் ஜான் கிரௌலி என்ற பாதிரியார். தண்ணீரைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் தண்ணீர் போன இடத்திலிருந்து மனிதர்களை இங்கே வரவழைக்கலாம் என்று அவர் 1930-களில் நகரத்தோடு சமாதானம் பேசி, ஊர்களை ஒன்றுசேர்த்துச் சுற்றுலாவை வளர்த்தார். 1940-இல் இதே சாலைகளில் ஒன்றில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இறந்தார். மறு ஆண்டு நகரம் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. பிஷப்புக்கு மேலே ஷெர்வின் ஏற்றத்தில் ஏறி 2,100 மீட்டரைத் தாண்டியதும் வலப்பக்கம் விரியும் கிரௌலி ஏரி அதுதான். பனிச்சறுக்குப் பயணியின் ஒவ்வொரு அறை வாடகையும் ஒவ்வொரு ரொட்டியும் தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சமாதானத்தின் தவணை. ஆகவே ரொட்டிக்காக நிற்பவர் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை. எதற்கான தவணை என்று தெரிந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

பயணத்தின் முடிவிடமான மம்மத் மலையும் இந்தக் கணக்கின் ஒரு வரிதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தப் பனிச்சறுக்குத் தலத்தை உண்டாக்கிய டேவ் மெக்காய் 1930-களில் லாஸ் ஏஞ்சலஸ் நீர்-மின் துறையில் நீரளவையாளராக வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு மலைகளில் ஏறி, உலோகக் குழாயைப் பனியில் தரைவரை இறக்கி, உள்ளே அடைபட்ட பனியோடு குழாயை நிறுத்துப் பார்ப்பது அந்த வேலை. எடையிலிருந்து எத்தனை அங்குலத் தண்ணீர் என்று கணக்கிடுவார்கள்; ஏப்ரல் முதல் தேதியின் அளவு அந்த ஆண்டு நகரத்துக்கு வரவிருக்கும் நீரின் ஜாதகம். அப்படி அளந்துகொண்டே போனவருக்குத்தான் மற்ற மலைகளைவிட மம்மத்தில் பனி நிலையாக அதிகம் விழுகிறது என்பது தெரிந்தது. சியராவின் முகடு அங்கே தாழ்ந்திருப்பதால் பசிபிக் பெருங்கடலின் புயல்கள் அந்த வாசல் வழியே நுழைந்து கொட்டுகின்றன. கீழே பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 15 சென்டிமீட்டரைத் தொட்டால் பெரிது. மேலே சராசரி ஆண்டிலேயே பத்து மீட்டர் பனி. 1953-இல் மெக்காய் வனத்துறையின் அனுமதி பெற்றார், 1955-இல் முதல் நாற்காலி விஞ்சு ஓடியது, 2020-இல் 104 வயதில் காலமானார். நகரத்துக்காக அளந்த பனியில் நகரத்தையே விளையாட அழைத்தவர் அவர். மம்மத்தில் சறுக்கும் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸின் மேல்நிலைத் தொட்டிமேல்தான் சறுக்குகிறார் என்றால் அதில் உருவகம் கொஞ்சம்தான்.

நின்று பார்ப்பதால் எது மாறிவிடும் என்று கடைசியாகக் கேட்கலாம். இந்தச் சாலையின் வரலாறே அதற்கு விடை சொல்லும். 1969 டிசம்பரில், கடுங்குளிரில், ஏறக்குறைய 150 பேர் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிளம்பி மான்சனார் இடுகாட்டுக்கு வந்தார்கள். அதுவும் இதே சாலையில் நடந்த ஒரு குளிர்காலப் பயணம்தான். அன்று அங்கே பார்க்க இருந்தவை அந்தத் தூபி, வாசலில் இரண்டு காவல் கூண்டுகள், வாகனக் கொட்டகையான அரங்கம். அவர்கள் ஆண்டுதோறும் வந்து நின்றார்கள். 1992-இல் மான்சனார் தேசிய வரலாற்றுத் தலமானது. அரங்கம் 2004-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்த இடத்துக்கு நிற்கும் தகுதியைக் கொடுத்தது நின்றவர்கள்தான். மம்மத்துக்கு வடக்கே மோனோ ஏரியிலும் அதுவே நடந்தது. 1941 முதல் அதன் ஓடைகளை நகரம் எடுத்துக்கொள்ள, ஏரி இறங்கிக்கொண்டே வந்தது. 1978-இல் ஏரியைக் காக்க ஒரு குழு தோன்றியது. அதன் ஆதரவாளர்கள் நீர்-மின் துறைத் தலைமையகத்தின் வாசலில் தண்ணீர் எடுத்து, சிறு குப்பிகளில் சைக்கிளில் சுமந்து, இந்தச் சாலை வழியே மேலேறி ஏரியில் ஊற்றினார்கள். 1983-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், நீர் உரிமை தருவதிலும் பொதுச்சொத்தைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது; 1994-இல் ஏரிக்கு ஒரு நீர்மட்டம் விதிக்கப்பட்டது. 2006 டிசம்பரில் ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு, மறுபடியும் நீர் விட்டார்கள். எதுவும் முழு வெற்றி அல்ல. மோனோ ஏரி தனக்கு விதிக்கப்பட்ட மட்டத்தை 30 ஆண்டுகளில் எட்டவில்லை. பையூட் மக்களின் தண்ணீர்க் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தச் சாலையில் திரும்பி வந்த ஒவ்வொரு சொட்டுக்கும் முன்னால் யாரோ சிலர் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அதே வரிசை தெற்கே திரும்பும். பிள்ளைகள் களைத்துத் தூங்க, சறுக்குப் பலகைகளின் விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டும். மலையில் அவர்கள் சறுக்கிய பனிக்கு அவசரமில்லை. ஏப்ரலில் யாரோ ஒருவர் வந்து குழாயிறக்கி அதை நிறுப்பார். பிறகு அதன் பெரும்பகுதி ஓடைகள் வழியாகக் கிரௌலி ஏரியில் சேர்ந்து, மதகுகளைக் கடந்து, வறண்ட ஏரியின் ஓரமாகப் போய், ஜாபோனில் விழுந்தெழுந்து, சில்மாரின் படிகளில் இறங்கும். கார் ஐந்து மணி நேரத்தில் முடித்த வழியை நீர் பல நாட்களில் கடக்கும். எங்கும் நிற்காமல் போக அதற்கு மட்டுமே நியாயம் இருக்கிறது. அதைப் போகச் சொன்னவர்கள் நாம்.